பூதத்துக்கு டிரான்ஸ்பர் கொடுத்த ஊர்

கம்பத்தில் முதல் மாலை என் பெட்டிக்குத்தான் விழுந்தது. அந்தப் பெட்டியோடு பேருந்து கிளம்பிய நேரத்தில் நான் சின்னமனூர் பேருந்து நிலையத்தில், வாழைத்தார்களுக்கு நடுவே நின்றுகொண்டு, என் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்கு வருடங்களாக ‘டிரான்ஸ்பர் பூதம்’ என்ற படக்கதைத் தொடரை எழுதிவருகிறேன். மலை உச்சியில் புதையல் காக்கும் ஒரு பூதம், முந்நூறு ஆண்டுகளாகக் கீழே மாற்றல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மனுவை வாங்கும் அலுவலகம் முழுக்க ராட்சசர்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் ஏதோ ஒரு முத்திரை குறைந்து மனு திரும்பி வரும். கதை என்னுடையது. படம் வரைபவர் கம்பத்தில் இருக்கும் அருள். இணையத்தில் பழக்கமானவர், நேரில் பார்த்ததே இல்லை.

சென்ற வருடம் சென்னைப் பத்திரிகை ஒன்று எங்கள் பூதத்தை அட்டையில் போட்டது. பிறகு யார் தொடங்கிவைத்தார்களோ தெரியவில்லை, வாரப் பத்திரிகை, நாளிதழ், தொலைக்காட்சி என்று வரிசையாக வந்துவிட்டார்கள். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பூதத்தின் முகம் முழுப் பக்கத்துக்கு வந்தது. எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். பூதத்துக்கு மாற்றல் கிடைக்குமா? அந்த உர்ரென்ற முகம் எங்கிருந்து வந்தது? “எல்லாம் கற்பனைதான்” என்று நானும் தாராளமாகச் சொல்லிவைத்தேன். என் படத்துக்குக் கீழே ‘எழுதி வரைந்தவர்’ என்று போட்டார்கள். ஒருமுறை போன் பண்ணித் திருத்தச் சொன்னேன். திருத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

ஏனென்றால் அதன் பிறகு அருளிடமிருந்து படம் வருவது நின்றுபோனது. ஏழாவது புத்தகத்தின் கதையை அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. “வேலை டைட் டீச்சர்” என்று முதலில் பதில் வந்தது. பிறகு வெறும் கட்டைவிரல் குறி. பெயர் போடாத கோபம் என்று முடிவு கட்டினேன். இந்த நேரம் பார்த்துக் கம்பத்து வாசகர்கள் பாராட்டு விழாவுக்கு அழைத்தார்கள். பாராட்டை வாங்குவது ஒரு சாக்கு. அருளிடம் மன்னிப்புக் கேட்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வதுதான் பயணத்தின் நோக்கம். அவர் இல்லாவிட்டால் என் பூதத்துக்கு முகம் இல்லை.

தேனியில் காலைப் பசியாற ஒரு கடையில் உட்கார்ந்தேன். ஈப்போவில் இரண்டாம் முறை சட்னி கேட்டால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பார். இங்கே போதும் போதும் என்று கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றிவிடுகிறார்கள். பரிமாறியவர், “எந்தூரு டீச்சர்?” என்றார். நான் ஆசிரியை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பக்கத்து மேசைக்காரரு எலைய மூடாம எந்திரிச்சதுக்கு மொறச்சீகள்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு.”

கம்பம் பேருந்தில் சன்னலோரம் கிடைத்தது. இரண்டு பக்கமும் மலை. ஈப்போவிலும் மலைகள் உண்டு. ஆனால் அவை சுண்ணாம்புக் குன்றுகள், ஊருக்குள்ளேயே வந்து நின்றுகொள்ளும். இங்குள்ள மலை தள்ளி நின்று பார்க்கிறது. நடுவில் தென்னை, நெல், வாழை. எங்கள் நாட்டில் கம்பம் என்றால் சிற்றூர் என்று பொருள். அதனால் நாலு வீடும் ஒரு கோழியும் இருக்கும் ஊரையே மனதில் வைத்திருந்தேன்.

வண்டி ஒரு நிலையத்தில் நின்றது. வெளியே பார்த்தால் பத்தடி உயரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ‘பூதத்தின் தாயே, வருக! வருக!’ பக்கத்தில் பூதம் வழக்கம்போல் உர்ரென்று. ஊர் வந்துவிட்டது என்று குதித்து இறங்கினேன். பேனரை நன்றாகப் படம் எடுத்துத் திரும்பினால் பேருந்தைக் காணோம். என் பெட்டியும் அதோடு போய்விட்டது.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் என் அலறலைக் கேட்டு வந்தார். “ஆத்தா, இது சின்னமனூரு. கம்பம் இன்னும் போகணும்” என்றார்.

“பேனர் இங்கேதானே கட்டியிருக்கிறார்கள்?”

“தேனியிலருந்து கூடலூரு வரைக்கும் கட்டிருக்காக. ஒவ்வொண்ணுக்கும் எறங்குனீகன்னா பொங்கலுக்குத்தேன் போய்ச் சேருவீக.”

அவரே என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். குட்டியானை என்று இங்கே செல்லமாக அழைக்கும் சின்னச் சரக்கு வண்டி. பின்னால் வாழைத்தார், முன்னால் நான். கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

கம்பத்தில் இறங்கியபோது செண்டை மேளம் காதைப் பிளந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் என் பெட்டி. பெட்டிக்கு ரோஜா மாலை. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் கை உயர்த்தி, “டிரான்ஸ்பர் குடு! டிரான்ஸ்பர் குடு! பூதத்துக்கு டிரான்ஸ்பர் குடு!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் வந்து, இது எந்தத் துறை ஊழியர்களின் போராட்டம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வாசகர் மன்றத் தலைவர் காதர் ஓடிவந்தார். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவர். “மன்னிச்சுக்கங்க டீச்சர். கண்டக்டரு பெட்டிய மட்டும் எறக்கி வச்சாரு. ஆளு பின்னாடியே வருவாகன்னு நெனச்சோம். மேளக்காரவுக குமுளி திரும்பணும்னு அவசரப்பட்டாக. அதேன் பெட்டிக்கே போட்டுட்டோம்” என்றார். எனக்கு வேறு மாலை வாங்கிவர ஆள் ஓடியது.

கூட்டத்தில் அருளைத் தேடினேன். இல்லை. “கடையிலதேன் இருப்பான். வேல டைட்டுன்னான்” என்றார் காதர். வந்து விழுந்த மாலையைக் கழற்றாமலே அருளைப் பார்க்கக் கிளம்பினேன்.

அருள் வைத்திருப்பது பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை. அப்போதுதான் எனக்கே தெரியும். வழியெல்லாம் நான் பார்த்த என் முகங்கள் அத்தனையும் அவர் அடித்தவைதான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் சின்னச் சிலுவை போட்ட சாவிக்கொத்து. என்னைக் கண்டதும் எழுந்து, ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் விமானத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பத்திரிகையில் பெயர் விட்டது, நான் சும்மா இருந்தது, எல்லாம். பாதியிலேயே அவர் சிரித்துவிட்டார்.

“எங்க தொழில்ல பேர எங்கன போடுவோம் டீச்சர்? கீழ மூலையில, எறும்பு சைசுல. அதுக்கெல்லாமா கோவிச்சுக்குவேன்?”

“பிறகு ஏன் படம் வரவில்லை?”

சிரிப்பு நின்றது. கணினியில் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து காட்டினார். காதுகுத்து, கல்யாணம், புதுமனை, அஞ்சலி. ஊரில் எந்த விசேஷத்துக்குப் பேனர் அடித்தாலும் சொந்தபந்தம் அத்தனை பேர் படமும் வேண்டும். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் பந்தலிலேயே சண்டை. அதனால் கம்பத்தின் முகம் எல்லாம் அருளிடம் இருக்கிறது. எங்கள் கதையின் ராட்சசர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். அலுவலகத்தில் கோப்புச் சுமக்கும் வேதாளத்தின் மூக்கு காதருடைய மாமனாருடையது. முத்திரை குத்தும் ராட்சசியின் தாடை அருளின் சொந்த மாமியாருடையது. “அவுகளுக்கு இன்னும் தெரியாது டீச்சர்” என்று குரலைத் தாழ்த்தினார்.

கடைசியாக அஞ்சலிக் கோப்புறையைத் திறந்தார். திரையில் என் பூதம். அடர்ந்த புருவம், விரிந்த காது, உலகத்தின் மேலேயே வருத்தம். காக்கிச் சட்டை போட்டிருந்தது.

“ராசுன்னு பேரு. மலைமேல ஒரு அணையில வாட்ச்மேன். இது ஐடி கார்டு போட்டோ. வருசா வருசம் கீழ மாத்தச் சொல்லி மனு குடுத்தாகளாம். கெடைக்கவே இல்ல. ரிட்டயர் ஆகித்தேன் வந்தாக, வந்த கொஞ்ச நாள்லயே இறந்துட்டாக. பேனர் அடிக்க வந்தப்ப அவுக வீட்டம்மா பவுன்தாய் அக்கா சொன்னாக. அப்புறம் நீங்க மொத கத அனுப்புனீக. எனக்கு வேற மொகமே வரல டீச்சர். மலையிலயே கெடந்தவுக, ஊருல ரொம்பப் பேரு நேர்ல பாக்காத மொகம், யாருக்குத் தெரியப் போவுதுன்னு வரஞ்சுட்டேன்.”

பவுன்தாய் ஒவ்வொரு வருடமும் தவறாமல் நினைவஞ்சலி பேனர் அடிக்க வருவாராம். பேப்பரில் பூதத்தின் முகம் முழுப் பக்கம் வந்த பிறகு, இந்த வருடம் வரவில்லை. நாள் தாண்டி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. “செத்த மனுசன வச்சுக் காமெடி பண்ணிட்டேன்னு நெனச்சிருப்பாக. பென்சில எடுத்தா பூதத்தோட எடத்த மட்டும் வெள்ளையா விட்டுர்றேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஈப்போவில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே, எந்த முத்திரையைக் குறைத்தால் சிரிப்பு வரும் என்று யோசித்தவள் நான். அந்த முத்திரைக்காக ஒரு மனிதர் உண்மையாகவே காத்திருந்திருக்கிறார். அவர் மனைவி இதே ஊரில் இருக்கிறார். பேட்டியில் நான் கற்பனை என்று சொன்னதை அவரும் பார்த்திருப்பாரோ என்னவோ.

மறுநாள் காலையில் அருளை இழுத்துக்கொண்டு பவுன்தாய் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “எஸ்டேட்டுக்குப் போயிருக்காக. நாளைக்கு விழாவுக்கு வருவேன்னு சொன்னாக” என்றார்.

அருளின் முகம் வெளுத்துவிட்டது. “எல்லாரு முன்னாடியும் வச்சுக் கேக்கப் போறாக டீச்சர்.”

மதியம் காதர் எங்களை உத்தமபாளையத்துக்குச் சாப்பிட அழைத்துப் போனார். பரோட்டாவைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் மூழ்கடித்துக் கொடுத்தார்கள். எங்கள் ரொட்டி சானாய் இதற்குத் தூரத்து உறவு என்று சொன்னேன். “அப்ப தம்பியா, அண்ணனா?” என்று கடைக்கார பாய் கேட்டார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தம்பிதான் என்று ஒப்புக்கொண்டேன். அருள் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை.

அவரைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, காதர் எங்கள் புத்தகம் ஜீப்பில் படிக்கப்படும் கதையைச் சொன்னார். விடிவதற்கு முன் பெண்கள் எஸ்டேட்டுக்கு ஏறுவார்கள். திரும்பும்போது ஒருத்தி சத்தம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவுக்குள் ஒரு மனு திரும்பி வந்துவிடும். ஏழாவது வளைவில் ராட்சசியைத் திட்டித் தீர்ப்பார்கள்.

“படம் எப்படி இருக்கிறது என்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“படத்த யாரு பாத்தா டீச்சர்? ஒரே புக்கு, பதினாலு பேரு. வளைவுல குனிஞ்சா வாந்தி வரும். காதால கேக்குறதுதேன்.”

அருள் தலையை நிமிர்த்தி, “அப்ப நான் எதுக்குங்க வரையுறேன்?” என்றார். காதர் சிரித்த சிரிப்பில் பாய் ஓடிவந்துவிட்டார்.

மூன்றாம் நாள் விழா. கல்யாண மண்டபத்தில் நாற்காலி போதாமல் சன்னலில் எல்லாம் ஆட்கள். மேடையில் பூதம் மாதிரி வேடம் போட்ட ஒருவர் மனுவை நீட்டிக்கொண்டே நின்றார். கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரு கூடை நிறையக் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. அருள் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

கேள்வி நேரத்தில் உள்ளூர் நிருபர் ஒருவர் எழுந்தார். “மேடம், பூதத்தோட மொகம் கற்பனைன்னு பேட்டியில சொல்லிருக்கீக. ஊர்ல வேற மாதிரி பேசிக்கிறாக. எது உண்மை?”

இன்னொரு முறை கற்பனை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நான் சொன்னது தப்பு. முகம் என் கற்பனை இல்லை. வரைந்தவர் அருள். அது இந்த ஊரில் வாழ்ந்த ஒருவருடைய முகம். அவர் வீட்டாரிடம் கேட்காமல் செய்துவிட்டோம்” என்றேன். அருளை மேடைக்குக் கூப்பிட்டேன். அவர் நடந்துவந்த நேரத்தில் இரண்டு புத்தகம் எழுதி முடித்திருக்கலாம்.

ஜீப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். கையில் துணிப்பை. மைக்கை நீட்டியவரிடம் வேண்டாம் என்று கையசைத்தார். அவருடைய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

“நாந்தேன் அவுக வீட்டுக்காரி. ரெண்டு வருசமா ஜீப்புல இந்தக் கதயக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு வாரேன். நம்ம வீட்டு ஆளு கத மாதிரியே இருக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். படத்தப் பாத்ததில்ல. அன்னைக்கு டீக்கடையில வட மடிச்சுக் குடுத்த பேப்பரப் பிரிச்சா, அவுக மொகம். எண்ணெ வழிய என்னையவே பாக்குறாக.”

“கோவம் வரலியாம்மா?” என்றார் நிருபர்.

“வந்துச்சு. வராமயா இருக்கும்?” அருள் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, ஆறு புக்குலயும் ஒருவாட்டிகூடவா அவுக சிரிக்கல?”

அருள் திக்கித் திணறி, “எனக்குக் கெடச்சது ஐடி கார்டு போட்டோ ஒண்ணுதேன் அக்கா” என்றார்.

“தெரியும். எங்கிட்டயும் அது ஒண்ணுதேன் இருந்துச்சு.” பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். “பேப்பரப் பாத்துட்டு, மேல கூட வேல பாத்தவரு ஒருத்தரு தேடிவந்து இதக் குடுத்தாரு. ரிட்டயர் ஆன அன்னைக்கு எடுத்தது.”

அதே புருவம், அதே காது. ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. முன்பல் ஒன்று இல்லை. தோளில் மூட்டை. மலையிறங்கப் போகிறவரின் சிரிப்பு அது.

அருள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்த வருசம் பேனருக்கு வரலியே அக்கா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்.”

“எதுக்கு வரணும்? பேப்பர்ல அவுக, டிவியில அவுக, தேனியிலருந்து கூடலூரு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் அவுக. அப்புறம் எதுக்குத் தம்பி கண்ணீர் அஞ்சலி?”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்த அம்மாள் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். “அவுகளக் கீழ எறக்கி விட்டுருங்க டீச்சர்.”

மன்றத்துக்காரர்கள் மூன்று நாளாகக் கத்திய கோஷம்தான். இவர் சொன்னபோது அது கோஷமாக இல்லை. “இறக்கிவிட்டால் கதை முடிந்துபோகுமே அம்மா” என்றேன்.

“முடிஞ்சுருமா? நல்லாச் சொன்னீக. முப்பத்து நாலு வருசம் கழிச்சு அவுக கீழ வந்தாக. நாப்பது நாளு வீட்ல இருந்தாக. மொத நாளு விடியக்காலம் எந்திரிச்சு, மதகத் தெறக்குற நேரமாச்சுன்னு அடுப்படிக் கொழாயத் தெறந்து விட்டுட்டாக. வீடு பூரா தண்ணி. வாசல்ல ஒரு நோட்டக் கட்டித் தொங்கவிட்டு, வாரவுக எல்லாம் பேரு, ஊரு, வந்த காரணம் எழுதணும்னாக. எங்க அண்ணனே கையெழுத்துப் போட்டுட்டுத்தேன் கறிச்சோறு திண்டாரு. நான் தண்ணி எடுக்கப் போனா, எங்க போற, எப்ப வருவேன்னு கேட்டு எழுதிக்கிட்டாக. நாப்பது நாளும் சண்ட. ஒரு நாளு பாக்கியில்ல.”

சிரிப்பு அடங்கவே இல்லை. அவரும் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“அந்த நாப்பது நாளுக்கு நாப்பது புக்கு போடலாம் டீச்சர். எழுதிக்கிறீகளா?”

மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாராட்டுரை வழங்க வந்தவர்கள் மீதியை யாருக்கு வழங்கினார்களோ தெரியாது. என் நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்தது.

மறுநாள் நாளிதழில் படம் வந்தது. ‘இடமிருந்து: பூதத்தின் மனைவி பவுன்தாய், ஓவியர் அருள் மற்றும் பலர்’. அந்த மற்றும் பலர் நான்தான். பேருந்தில் அந்தப் பக்கத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த முறை சின்னமனூரில் இறங்கவில்லை.

ஏழாவது புத்தகத்தின் படங்கள் பன்னிரண்டே நாளில் ஈப்போவுக்கு வந்துசேர்ந்தன. கடைசிப் பக்கத்தில் பூதம் மூட்டையோடு வீட்டு வாசலில் நிற்கிறது. உள்ளேயிருந்து கரண்டியோடு வரும் பூதத்தி, “வந்தாச்சா? மொதல்ல காலக் கழுவுங்க” என்கிறாள். பூதம் முதல் முறையாகச் சிரிக்கிறது. முன்பல் இல்லை.

சென்ற வாரம் அருள் இன்னொரு படமும் அனுப்பினார். கம்பம் பேருந்து நிலையத்தில் ஒரு புதுப் பேனர். பவுன்தாய் அடிக்கச் சொன்னதாம். மூட்டையோடு ராசு சிரிக்கிறார். கீழே ஜீப் பெண்கள் பதினாலு பேரும் வரிசையாக. எழுத்தைப் படித்தேன். ‘முப்பத்து நாலு வருடம் மலையில் பணி செய்து, மாற்றலாகி ஊர் வந்திருக்கும் எங்கள் ராசு அவர்களே, வருக! வருக!’

கீழ் மூலையில் எறும்பு அளவில் ஏதோ இருந்தது. விரலால் பெரிதாக்கினேன். அருள் என்று இருந்தது. பக்கத்திலேயே என் பெயரும் இருந்தது.